மருந்து ஊற்றாத வரிசை

அவளோடு ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தேன். ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில் வேலை செய்தேன். அந்த மூன்று வருடத்தில் நான் சொன்ன எதையாவது அவள் முதல் தடவையிலேயே ஒத்துக்கொண்டாளா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மழை வருகிறது, கொடியில் கிடக்கிற உடுப்பை எடு என்று சொன்னால்கூட யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவாள். அதற்குள் எல்லாம் நனைந்துவிடும். நனைந்தது அவளுடைய உடுப்பு மட்டுமென்றால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன்.

அவள் சண்டைக்காரி இல்லை. குரலை உயர்த்தி அவள் கதைத்து நான் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே, மெதுவாக, "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். அடுத்த பஸ் உடனே வருமென்று நடத்துநர் சொன்னால் அவரிடமும் கேட்பாள். பல் டொக்டரிடம் கேட்டாள். என் சாதகத்தைப் பார்க்க வந்தவரிடம் கேட்டபோது அவருக்குப் போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார். கேலியாகக் கேட்டாலாவது திருப்பி ஏசலாம். அவள் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் ஒழுங்காக இருந்தால், "ஓம், சரி" என்று சந்தோசமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

நாங்கள் இருவரும் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்துவிட்டு, கல்லடியில் ஒரு சிறு ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இறால், மீன் வளர்ப்பவர்களுடைய நீரில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்க்கிற இடம். அதை நடத்தியவரை நாங்கள் சேர் என்றே கூப்பிட்டோம். வெளிநாட்டில் நெடுங்காலம் இருந்துவிட்டு, ஊருக்கு ஏதாவது செய்யவேண்டுமென்று திரும்பி வந்தவர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். ஆய்வுகூடத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு வீட்டின் பின் அறையில் நானும் அவளும் வாடகைக்கு இருந்தோம்.

அந்த வீட்டுக்கார அன்ரி எருமைப் பாலில் தயிர் போட்டு அயலட்டைக்குக் கொடுப்பா. ஒரு நாள் ஒரு சட்டித் தயிர் உறையவில்லை. அன்ரி எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும், குமருகள் மாதத் தூரமான நேரத்தில் குசினிக்குள் வந்து போனால் தயிர் எப்படி உறையும் என்று, எங்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னா. ஒரு சட்டித் தயிரை வாங்கிக் கொடுத்துவிட்டு இதை விட்டுவிடுவோம் என்று நான் சொன்னேன். அவள் விடவில்லை. அடுத்த மாதம் தனக்குத் தூரமாகும்வரை பொறுமையாகக் காத்திருந்து, ஒரே பாலை நாலு சட்டியில் ஊற்றுவித்து, இரண்டில் தான் உறைமோர் கலக்கி, இரண்டில் அன்ரியைக் கலக்கச் செய்தாள். எது யார் கலக்கியது என்று சட்டியின் அடியில் கரியால் குறித்து, இடம் மாற்றி மாற்றி வைத்தாள். விடிய நாலும் ஒரே மாதிரி உறைந்திருந்தது.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்ரி அசையவில்லை. தான் காலையில் கண்ணகி அம்மனைக் கும்பிட்டதால்தான் நாலும் உறைந்தது என்று சொன்னா. இப்போது இவளுக்குக் கோபம் வரப்போகிறது என்று நான் நினைத்தேன். அவள், அது நியாயம் என்று ஒத்துக்கொண்டாள். அதையும் பார்க்கவேண்டும், ஆகவே நாளைக்கு மட்டும் கும்பிடாமல் இருக்க ஏலுமா என்று அன்ரியிடம் கேட்டாள். அன்று மத்தியானமே எங்களை அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டா. நான் போய் அழாக்குறையாகக் கெஞ்சி அந்த அறையைக் காப்பாற்றினேன். இவளோ, நாலும் உறைந்தது சரி, முதல் சட்டி ஏன் உறையவில்லை என்பது இன்னும் தெரியவில்லையே என்று ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இப்படியான ஒருத்தியின் முன்னால்தான் நான் என் பட்ட மேற்படிப்பு ஆய்வைச் செய்யவேண்டி இருந்தது.

ஓட்டமாவடிக்காரர் ஒருவர் கத்தாரில் பல வருடம் உழைத்துவிட்டு வந்து, வாவி ஓரம் இறால் குஞ்சு பொரிக்கிற நிலையம் ஒன்று வைத்திருந்தார். ஹாஜியார் என்றுதான் எல்லாரும் அவரைச் சொல்வார்கள். அவருடைய தொட்டிகளில் குஞ்சுகள் வெள்ளையாகிச் செத்துக்கொண்டிருந்தன. இருட்டில் தண்ணீர் இலேசான பச்சையாக மினுங்குகிறது என்று அவர் சொன்னபோதே சேருக்கு விளங்கிவிட்டது. அப்படி ஒளி விடுகிற ஒரு பற்றீரியா இறால் குஞ்சுக்கு எமன். மருந்துகளுக்கு அது மசியவில்லை. அதைக் கொல்லக்கூடிய இன்னொரு பற்றீரியாவை வாவியிலேயே தேடிப் பிடிப்பது என்று முடிவாயிற்று. அந்தத் தேடல்தான் என்னுடைய ஆய்வு.

கண்டல் மர வேர்களுக்கிடையில் எடுத்த சேற்றிலிருந்து அப்படி ஒன்றை நான் பிடித்தேன். கூழ்போல உறைய வைத்த உணவுத் தட்டில் இரண்டையும் கலந்து விட்டால், மறுநாள் ஒளி விடுகிற பற்றீரியா இருந்த இடமே தெரியாது. சேர் அதன் மரபணுக்களை வெளிநாட்டில் வாசிப்பித்தார். அதனிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்று அதிலே தெரிந்தது.

பற்றீரியாக்கள் உள்ளே செய்த புரதங்களைத் தங்கள் சுவருக்கு வெளியே அனுப்பப் பல வழிகள் வைத்திருக்கின்றன. சில சும்மா தண்ணீருக்குள் கசிய விட்டுவிடும். எங்களுடையது வேறு வகை. உடலுக்குள்ளே ஒரு உறை, உறைக்குள்ளே ஒரு நீளக் குழல், குழலின் கூர் முனையில் நஞ்சுப் புரதம். பக்கத்தில் ஒன்று ஒட்டி நின்றால் உறை சட்டென்று சுருங்கும், குழல் பாயும், பக்கத்தில் நிற்பதன் சுவரைத் துளைத்து நஞ்சை உள்ளே இறக்கும். தன் இனத்துக்கும் அந்தக் குத்து விழும். ஆனால் அந்த நஞ்சை முறிக்கிற இன்னொரு புரதம் அவற்றிடம் இருப்பதால் ஒன்றும் ஆகாது. முறிப்பு இல்லாதது எதுவானாலும் சாகும். இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம். அறைக்கு ஓடிவந்து அவளிடம் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினாள். ஒளி விடுகிற பற்றீரியா செத்துவிட்டதா, இல்லாவிட்டால் வளராமல் நின்றுவிட்டதா என்று கேட்டாள். திரும்பவும் வேலை. செத்துத்தான் இருந்தது. அடுத்ததாக, அது குத்திச் செத்தது என்று எப்படித் தெரியும், தண்ணீருக்குள் ஏதும் நஞ்சைக் கசிய விட்டுக் கொன்றிருக்கலாமே என்றாள். மரபணுவில் ஆயுதம் இருக்கிறது என்றேன். வீட்டில் கத்தி இருக்கிறவனெல்லாம் கொலைகாரனா என்று கேட்டாள்.

அதற்கும் ஒரு சோதனை செய்தேன். பற்றீரியா நுழைய முடியாத அளவு நுண்ணிய துளைகள் உள்ள வடிதாள் ஒன்றை இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். நஞ்சு கசிந்து கொல்கிறதென்றால் அது தாளைக் கடந்து போய்க் கொல்லும். குத்திக் கொல்கிறதென்றால் தாள் மறித்துவிடும். விடிய வந்து பார்த்தபோது தாளுக்கு அந்தப் பக்கம் ஒளி விடுகிற பற்றீரியா நன்றாகக் கொழுத்திருந்தது. ஆக, தொட்டுத்தான் கொல்கிறது. என் கணிப்புச் சரி. நான் வட்டிலப்பம் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தேன். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள்:

"அப்ப, தொட்டாத்தான் சாகும். தட்டுல எல்லாம் தோளோட தோள் நெருக்கிக்கொண்டு நிக்குது, சரி. தொட்டிக்குள்ள தண்ணிதானே. தண்ணிக்குள்ள ஆர் ஆரத் தொடுற?"

நான் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் தன்பாட்டில் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

சேருக்குக் காத்திருக்க நேரம் இல்லை. ஹாஜியார் புதுக் குஞ்சுகள் பொரித்துவிட்டார், தண்ணீர் மினுங்கத் தொடங்கிவிட்டது, தினமும் போன் எடுத்துக்கொண்டிருந்தார். இருக்கிறதைக் கொண்டுபோய் ஊற்றுவோம் என்று சேர் சொன்னார். போத்தல்களில் எங்கள் பற்றீரியாவை நிறைத்துப் பெட்டியில் அடுக்கினோம். வான் வண்டியில் போகும்போது பெட்டி அவளுடைய மடியில் இருந்தது.

நிலையத்தில் தொட்டிகள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒன்று வாவிப் பக்கம், மற்றது வீதிப் பக்கம். ஹாஜியார் எங்களுக்குக் கதிரை போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார். எல்லாத் தொட்டிக்கும் போதுமா என்று கேட்டார். சேர் காணும் என்றார். அப்போது அவள், பாதித் தொட்டிக்கு ஊற்றாமல் விடவேண்டும் என்று சொன்னாள்.

ஹாஜியாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது இளநீரைக் கீழே வைத்தார். கத்தாரில் வெயிலில் நின்றது, மனைவியின் நகை இந்தத் தொட்டிகளுக்குள் போனது, போன தடவை செத்த குஞ்சுகளை வாளி வாளியாக அள்ளிக் கொட்டியது எல்லாவற்றையும் சொன்னார். குரல் உயரவில்லை. அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மகள், உங்கட வீட்டுல ரெண்டு புள்ளைக்குக் காய்ச்சல் எண்டா, ஒண்டுக்கு மட்டுமா மருந்து குடுப்பீங்க?"

 அவள் திணறி நான் கண்டது அந்த ஒரு தடவைதான். மடியில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்:

"இது மருந்தா எண்டு இன்னும் தெரியா, ஹாஜியார். மருந்தெண்டு தெரிஞ்சா எல்லாத் தொட்டிக்கும் நானே ஊத்துவன்."

ஹாஜியார் சேரைப் பார்த்தார். இந்தப் பிள்ளை உங்களோடு வந்ததா, எதிராக வந்ததா என்று கேட்டார். சேரின் முகம் சிவந்துவிட்டது. பெட்டியைக் கொடு என்று அவளிடம் சொன்னார். அவள் கொடுக்கவில்லை. நான் அவளைக் கையில் பிடித்து அங்கால் இழுத்துப் போனேன். ஒரு மனிசனுடைய பிழைப்போடு விளையாடாதே, உனக்குத் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதற்காக அவர் பாதிக் குஞ்சைச் சாகக் கொடுக்கவேண்டுமா என்று என் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டாள். ஓம், அதைத்தான் தானும் யோசிக்கிறேன் என்றாள். யோசித்துக்கொண்டே ஒரு கவிழ்த்த வாளியில் பெட்டியோடு குந்திவிட்டாள். வான் சாரதி வந்து பார்த்தார். இறாலுக்குத் தீன் போடுகிறவர்கள் வந்து பார்த்தார்கள். எனக்கு அந்தச் சேற்றுக்குள் இறங்கி மறைந்துவிடலாம் போல இருந்தது.

கடைசியில் ஹாஜியார்தான் இறங்கி வந்தார். அவருக்கும் அலுத்துவிட்டது. வீதிப் பக்கத்து வரிசையை விட்டுவிடுங்கள், வாவிப் பக்கத்துக்கு ஊற்றுங்கள், அந்த வரிசைக்குக் குழாய் தனியாகப் போகிறது, வேலை லேசு என்றார். அவள் எழும்பினாள். ஒரு வரிசை முழுவதும் அல்ல, ஒன்றுவிட்டு ஒரு தொட்டிக்கு ஊற்றினால் நல்லது என்று தொடங்கினாள். சேர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அத்தோடு விட்டுவிட்டாள். எனக்குத் தெரிந்து அவள் விட்டுக்கொடுத்த ஒரே இடம் அது. அதற்காகப் பிறகு மாதக்கணக்கில் என்னைப் பாடாய்ப் படுத்தினாள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஹாஜியார் போன் எடுத்தார். நாங்கள் போனபோது அவர் கதிரையில் இருந்தார், எழும்பவில்லை. வாவிப் பக்கத்துத் தொட்டிகளின் அடியில் குஞ்சுகள் வெள்ளையாகப் படிந்து கிடந்தன. கூட்டி அள்ளலாம் போல. வீதிப் பக்கத்தில் கொஞ்சம் செத்திருந்தது, பெரும்பங்கு நீந்திக்கொண்டிருந்தது. நாங்கள் மருந்தென்று கொண்டுபோய் ஊற்றிய வரிசைதான் செத்தது.

சேர் தொட்டித் தொட்டியாக நடந்தார்.  நான் பிடித்து, வளர்த்து, வட்டிலப்பம் கொடுத்துக் கொண்டாடிய பற்றீரியா. ஹாஜியார் அவளைக் கிட்டக் கூப்பிட்டார். நீ அன்றைக்கு அந்தப் பெட்டியோடு குந்தியிருக்காவிட்டால் மற்ற வரிசையும் போயிருக்கும், அல்லாஹ்தான் உன்னை அங்கே இருத்தி வைத்தான் என்று சொன்னார். அவருடைய கண் கலங்கியது. வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்து அந்த நன்றியை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

"இல்ல, ஹாஜியார். நானும் மருந்து ஊத்தின வரிசைதான் பிழைக்கும் எண்டு நினைச்சன்," என்றாள் அவள். "பிழைச்சிருந்தா, மத்த வரிசைய நான்தான் சாகக் குடுத்த எண்டு நீங்க என்னை ஏசியிருப்பீங்க. அதுவும் சரியாத்தான் இருந்திருக்கும்."

 ஹாஜியார் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

வான் வண்டியில் திரும்பினோம். செங்கலடிக்குக் கிட்ட வரும்போது அவள், வாவிப் பக்கத்து வரிசைக்கு மத்தியான வெயில் கூடவா விழுகிறது என்று கேட்டாள். வான் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடலாமா என்று நினைத்தேன்.

ஏனென்றால் அடுத்து என்ன வரப்போகிறதென்று எனக்குத் தெரியும். என் ஆய்வில் இதை நேர்மையாக எழுதிவிட நான் தயாராக இருந்தேன். எங்கள் பற்றீரியா நன்மைக்குப் பதில் தீமை செய்தது என்று எழுதி முடித்து, பட்டத்தை வாங்கிக்கொண்டு, வீட்டில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போவதுதான் என் திட்டம். அவள் விடவில்லை. வரிசை வரிசையாக ஊற்றியதால் இப்போது ஒன்றும் சொல்ல ஏலாது, வெயிலாகவும் இருக்கலாம், குழாய்த் தண்ணீராகவும் இருக்கலாம் என்றாள். சேரும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார். நடந்ததற்குப் பிறகு அவருக்கு எந்த முடிவையும் அவசரமாகச் சொல்லப் பயம் வந்துவிட்டது. கண்ணாடிப் போத்தல்களில் சின்னச் சின்னத் தொட்டிகள் செய்து, வெயிலில் பாதி, நிழலில் பாதி, ஒன்றுவிட்டு ஒன்று மருந்து என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். என் கல்யாணம் தள்ளிப்போனது. மாப்பிள்ளை வீட்டார் என் அம்மாவிடம், அந்தப் பிள்ளை அங்கே அப்படி என்னத்தைத்தான் வளர்க்கிறது என்று கேட்டார்களாம்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து விடை கிடைத்தது. ஒளி விடுகிற பற்றீரியா தண்ணீருக்குள் மிதந்து திரிந்தது. மிதக்கிறதை எங்களுடையது தொடவே இல்லை. ஆனால் தொட்டிச் சுவரிலும் குஞ்சுகளின் உடம்பிலும் ஒட்டி வாழ்கிற, ஒரு தீங்கும் செய்யாத பற்றீரியாக்கள் இருக்கின்றன. அவை இடத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் கெட்டது குஞ்சில் ஏற முடியாமல் இருந்தது. எங்களுடையது போய் அவற்றின் பக்கத்தில் குடியேறி, அவற்றைத்தான் குத்திக் கொன்றது. கொன்று இடத்தை வெறுமையாக்கியது. மிதந்து திரிந்தது வந்து ஏறிக்கொண்டது. வெயிலுக்கும் குழாய்க்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் அன்றைக்கே இதைத்தானே எழுத இருந்தேன், எங்கள் பற்றீரியாதான் கொன்றதென்று நான் சொன்னது சரிதானே, ஒரு வருடம் வீணாகப் போய்விட்டதே என்று அவளிடம் கேட்டேன்.

"ஓம்," என்றாள். "ஆனா அப்ப நீ தற்செயலாச் சரி."

போட்டிருந்த கையுறையைக் கழற்றி அவள் மேல் எறிந்தேன். அவள் அதைக் குனிந்து எடுத்துக் குப்பைக்குள் போட்டாள்.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று நானும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். அவளுடைய ஊர் வெல்லாவெளிப் பக்கம். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா வட்டையில், வயல் வரம்பிலே, விழுந்து கிடந்திருக்கிறார். பாம்பு என்று சிலர் சொன்னார்கள், நெஞ்சு என்று சிலர் சொன்னார்கள், பயிருக்குப் பூச்சி எண்ணெய் அடித்த நஞ்சு ஏறிவிட்டது என்றும் சொன்னார்கள். ஒன்றும் தெரியாமலே பிரேதத்தை எடுத்துவிட்டார்கள். இதை அவள் என்னிடம் சொன்ன அன்று எனக்கு மனம் இளகிப்போனது. அதனால்தான் நீ எதையும் கேட்டுக் கேட்டுப் பார்க்கிறாய் என்று, அவள் தலையைத் தடவிச் சொன்னேன். அவள் தலையை விலக்கிக்கொண்டு, அப்பா இருக்கும்போதும் நான் இப்படித்தான் என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு அவளுடைய அம்மாவைக் கண்டபோது விசாரித்தேன். ஐந்து வயதில் சோறு வெந்துவிட்டது என்று சொன்னால், எந்தச் சோற்றை நசித்துப் பார்த்த நீங்க என்று கேட்பாள் என்று அந்த அம்மா சொன்னா. சொல்லும்போது அவவுக்கும் என்னைப் போலத்தான் மூச்சு வாங்கியது.

அவளுக்குக் கல்யாணமே நடக்காது என்று நான் உறுதியாக நம்பினேன். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வங்கி உத்தியோகத்தர் பெண் பார்க்க வந்தார். பார்த்த உடனேயே பிடித்துவிட்டது என்று சொன்னார். எங்களுக்கு முன்னாலேயே அவள் அவரிடம், இதற்கு முதல் எத்தனை பேரைப் போய்ப் பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டாள். அவளுடைய மாமாமார் தலையில் கை வைத்தார்கள். அந்த மனிதர் விரல் மடித்து எண்ணிப் பார்த்து, நாலு என்றார். அதில் ஒருத்தியைப் பிடித்திருந்தது, அந்த வீட்டார்தான் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்றும் சொன்னார். அவள் "ஓம், சரி" என்று தலையாட்டினாள். இரண்டு மாதத்தில் கல்யாணம். அவர் வெல்லாவெளியில் அவளுடைய வீட்டோடு வந்து சேர்ந்தார். அவளைக் கட்டிக்கொண்டு அந்த மனிதர் படப்போகிற பாட்டை நினைத்து நான் சாப்பாட்டுப் பந்தியில் இருந்து பெருமூச்சு விட்டேன். அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

பிறகு எனக்கும் கல்யாணமாகி ஏறாவூருக்குக் கிட்ட, கணவரின் அம்மாவான மாமி வீட்டோடு இருந்தேன். ஆய்வுகூடத்து வேலையை விடவில்லை. வயிற்றில் பிள்ளை தங்கியபோதும் போய் வந்தேன். நாலாம் மாதத்தில் அது இல்லாமல் போனது.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை, பாசத்தில்தான் சொன்னார்கள். குன்றும் குழியுமான வீதியில் ஸ்கூட்டி ஓடினாய் என்று அக்கா சொன்னாள். அன்னாசி சாப்பிட்டாய் என்று அம்மா சொன்னா. மாமி வேறொன்றும் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கிருமியோடு கிருமியாக நின்றால் பிள்ளை எப்படித் தங்கும் என்று மட்டும் சொன்னா. என் கணவர் என் ஆய்வுகூட வெள்ளைச் சட்டையைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டார். நான் படுத்துக் கிடந்து, ஒரு நாளைக்கு ஸ்கூட்டியை நினைத்தேன், ஒரு நாளைக்கு அன்னாசியை நினைத்தேன். கூடுதலாகக் கிருமியைத்தான் நினைத்தேன்.

அவள் கேள்விப்பட்டு வந்தாள். மாமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, தான் சொல்லச் சொல்லக் கேட்காமல் இவள் வேலைக்குப் போனாள், கிருமிதான் பிள்ளையைத் தின்றது என்று அவளிடமும் சொன்னா. அவள் கண்ணாடியைக் கழற்றினாள். வேண்டாம் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் கேட்டே விட்டாள். அது உங்களுக்கு எப்படித் தெரியும், மாமி?

நாலு பெற்றவள் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று மாமி சொன்னா. ஆய்வுகூட லாபுக்குப் போய்க்கொண்டே நாலு பெற்றவர்களும் இருக்கிறார்கள், வீட்டோடு இருந்து இழந்தவர்களும் இருக்கிறார்கள் என்று அவள் மரியாதையாகவே சொன்னாள். மாமி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டா. குசினிக்குள் பானை சட்டி சத்தமாக உருண்டது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நீ பஸ் ஏறிப் போய்விடுவாய், நான் இந்த வீட்டில் இருக்கவேண்டும் என்றேன். பெரிய நியாயம் கேட்க வந்துவிட்டாய், அப்படியென்றால் எதால் போனதென்று நீயே சொல்லு என்றேன்.

"தெரியா," என்றாள்.

வழக்கமாக அதற்குப் பிறகு, அறிய வேண்டுமென்றால் என்ன செய்து பார்க்கவேண்டும் என்று தொடங்குவாள். நான் அதற்காகக் காத்திருந்தேன். அவளோ வந்து என் கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"நான் லாபுக்குப் போகாம இருந்திருந்தா?" என்று கேட்டேன். யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

"அதைச் சொல்ல, லாபுக்குப் போகாத இன்னொரு நீ வேணும், புள்ள. அப்படி ஒருத்தி இல்ல. இரிக்கிற நீ ஒராள்தான். ஒராள வச்சுக்கொண்டு ஒருத்தராலயும் ஒண்டும் சொல்ல ஏலா. மாமியாலயும் ஏலா, உன்னாலயும் ஏலா."

ஆஸ்பத்திரியில் எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்தும் வரவில்லை. அப்போது வந்தது. அவள் என்னைத் தேற்றவில்லை, முதுகைத் தடவவுமில்லை. நான் அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தாள். அதற்குள் வெல்லாவெளிக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டது. ஆகவே அன்று மாமி அவளுக்கும் சோறு போடவேண்டி வந்தது. முகத்தைப் பார்க்காமல் போட்டா. அவள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டு கிழமை கழித்து நான் திரும்ப வேலைக்குக் கிளம்பினேன். வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்டபோது என் கணவர் அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துத் தந்தார். மாமி வாசல்வரை வந்தா. ஏதோ சொல்லப்போறா என்று நின்றேன். சாப்பாட்டுப் பெட்டியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. மாமி எனக்குச் சோறு கட்டித் தந்தது அதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் இருந்து அவளுக்குப் போன் எடுத்து இதைச் சொன்னேன். பார்த்தாயா, மாமியின் மனம் மாறிவிட்டது என்றேன். வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருப்பார்கள். அவள், பெட்டிக்குள் என்ன கறி என்று கேட்டாள்.